சுவாஹிலியின் சொந்தக்காரர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் ஒரு மருந்து இறக்குமதி நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். ஜூலை 7 உலக சுவாஹிலி மொழி நாள். இங்கே அன்று அரசு விடுமுறை என்பதால் எங்கள் அலுவலகத்தில் முந்தைய வாரமே விழா எடுத்தார்கள். இருபது கோடிப் பேர் பேசும் மொழி, ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற மொழி, ஐக்கிய நாடுகள் சபை தனி நாள் ஒதுக்கிய முதல் ஆப்பிரிக்க மொழி என்றெல்லாம் பேசினார்கள். விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது, நைரோபியிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவர் ஒரு வேடிக்கை சொன்னார்: "சுவாஹிலி சான்சிபாரில் பிறந்தது, தான்சானியாவில் வளர்ந்தது, கென்யாவில் நோயில் விழுந்தது, உகாண்டாவில் செத்தது, காங்கோவில் புதைக்கப்பட்டது." எல்லாரும் சிரித்தார்கள். சற்று முன் மேடையில் முழங்கியவர்களும் சிரித்தார்கள்.

எனக்கு இரண்டு ஐயங்கள். தாய்மொழியாகப் பேசுவோர் இவ்வளவு குறைவாக இருக்கும் ஒரு மொழி, அதிலும் அரபு, இந்தி, போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என எல்லாம் கலந்த ஒரு கலவை மொழி, எப்படி இந்த இடத்துக்கு வந்தது? இந்த அறிவிப்புகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அலங்காரம்? இவற்றோடு சொந்தக் கேள்வி ஒன்றும் உண்டு. என் மகளுக்கு ஒன்பது வயது. அடுத்த ஆண்டு அவள் பள்ளியில் சுவாஹிலி, பிரெஞ்சு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
கோ.

அன்புள்ள கோ.,

அந்த வேடிக்கையில் இருக்கும் வரிசை சரியானது. சான்சிபார்த் தீவின் வழக்கிலிருந்து எவ்வளவு தொலைவு விலகிச் செல்கிறோமோ அவ்வளவு இலக்கணம் தளர்கிறது என்பது உண்மை. ஆனால் பிறப்பில் தொடங்கிக் கல்லறையில் முடியும் அதே பாதையில்தான் பேசுவோர் தொகை பெருகியிருக்கிறது என்பதை அந்த வேடிக்கை சொல்லாமல் விட்டுவிடுகிறது. புதைத்ததாகச் சொல்லப்படும் காங்கோவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் கோடிக்கணக்கானோர் இன்று அந்த மொழியில்தான் வாங்கி விற்கிறார்கள், வழிபடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்நாட்டின் நான்கு தேசிய மொழிகளில் சுவாஹிலியும் ஒன்று. உங்கள் துறைமுகத்தில் சரக்கேற்ற வரும் லுபும்பாஷி லாரி ஓட்டுநரிடம் உங்கள் நைரோபி நண்பர் இந்த வேடிக்கையைச் சொல்ல வேண்டுமானால், அதையும் சுவாஹிலியில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் கலவை என்ற சொல்லைப் பார்ப்போம். சுவாஹிலியின் சொற்களில் கணிசமான பங்கு அரபியிலிருந்து வந்தது. பெயரேகூட அரபிதான்: ‘சாஹில்’ என்றால் கடற்கரை, ‘சவாஹில்’ அதன் பன்மை. ஆனால் ஒரு மொழியின் குடியை அதன் சொற்பையை வைத்து முடிவு செய்வதில்லை. வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை வைத்தே முடிவு செய்கிறோம். அந்த அளவில் சுவாஹிலி ஐயத்துக்கு இடமின்றி, ஆப்பிரிக்காவின் நடுவிலும் தெற்கிலும் பரவியுள்ள பாந்து மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாந்து மொழிகளில் பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு முன்னொட்டு உண்டு, அந்த முன்னொட்டின் சாயல் பெயரடையிலும் சுட்டிலும் வினையிலும் தொடர்ந்து வரும். புத்தகத்துக்கு அரபியில் ‘கிதாப்’. அது கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கியதும் ‘கிதாபு’ ஆயிற்று. அங்கே ‘கி’ என்பது ஏற்கெனவே ஒரு வகுப்பின் ஒருமை முன்னொட்டு. அதன் பன்மை ‘வி’. ஆகவே மக்கள் அந்த அரபுச் சொல்லின் முதல் எழுத்தைத் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டு, பல புத்தகங்களை ‘விதாபு’ என்றார்கள். "இந்த நல்ல புத்தகம் தொலைந்துவிட்டது" என்பது ‘கிதாபு ஹிக்கி கிசூரி கிமெபொத்தேயா’. புத்தகங்கள் பலவானால் ‘விதாபு ஹிவி விசூரி விமெபொத்தேயா’. ஓர் அரபுச் சொல்லுக்குப் பின்னால் வாக்கியம் முழுவதும் பாந்து முறைப்படி அணிவகுத்து நிற்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஊர்ச் சாலைகளில் இதன் இன்னும் வேடிக்கையான சான்று இருக்கிறது. சாலை வட்டங்களில் ‘கீப் லெஃப்ட்’ என்று எழுதியிருந்த ஆங்கிலப் பலகையைப் பார்த்து, அந்த வட்டத்துக்கே ‘கிப்பிலெஃப்டி’ என்று பெயர் வந்தது; இரண்டு வட்டங்கள் என்றால் ‘விப்பிலெஃப்டி’. இப்படி வருவதையெல்லாம் தன் இலக்கணத்துக்குள் இழுத்து உட்கார வைக்கும் மொழியைக் கலவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல செரிமானம் உள்ள மொழி என்பேன்.

அந்தச் செரிமானத்தில் இந்தியப் பெருங்கடலின் முழு வரலாறும் இருக்கிறது. பணத்துக்குச் சொல்லும் ‘பேசா’ நம் பைசா. காப்பீட்டுக்குச் சொல்லும் ‘பீமா’வும் வண்டிக்குச் சொல்லும் ‘காரி’யும் குஜராத்தி வணிகர்களோடு போனவை. மேசைக்கு அங்கே ‘மேசா’. தமிழுக்கு அதைத் தந்த அதே போர்த்துக்கீசியரே அங்கும் தந்தார்கள். தேவாலயத்தைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல் சிறைச்சாலையைக் குறிக்கும் ‘கெரேசா’ ஆகிவிட்டது. கென்யக் கரையிலுள்ள மொம்பாசா நகரில் போர்த்துக்கீசியர் கட்டிய இயேசு கோட்டை பிற்காலத்தில் சிறையாகப் பயன்பட்டதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஜெர்மன் சொல்லான ‘ஷூலே’. எண்களில் ஒன்று முதல் ஐந்து வரையும் எட்டும் பத்தும் பாந்து. ஆறும் ஏழும் ஒன்பதும் அரபு. உங்கள் விழாவுக்குரிய ஜூலை 7-ஐ அங்கே ‘சபா சபா’, அதாவது ஏழு ஏழு என்பார்கள். அந்த ஏழு அரபு ஏழுதான்.

ஐரோப்பியர்தான் எழுத்துக் கொடுத்தார்கள் என்ற எண்ணமும் பலருக்கு உண்டு. நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் தமிழை அரபு எழுத்தில் எழுதியதைப் போலவே, லாமுவிலும் மொம்பாசாவிலும் சுவாஹிலியை அரபு எழுத்தில் எழுதினார்கள். கில்வாவில் 1711-இல் எழுதப்பட்ட சுவாஹிலிக் கடிதங்கள் போர்த்துக்கீசிய ஆவணங்களோடு சேர்ந்து நம் கோவாவின் ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன. நெடுங்கவிதைகளின் கைப்படிகள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன.

இனி வளர்ச்சிக்கு வருகிறேன். நான் வாசித்தவரையில் இந்த மொழியின் வரலாற்றில் ஒரு விந்தை மீண்டும் மீண்டும் வருகிறது. அதை ஒவ்வொரு கட்டத்திலும் முன்னே தள்ளியவர்களில் பெரும்பாலோர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். கடற்கரை சுவாஹிலி மக்கள் ஒருபோதும் பேரரசு கட்டவில்லை. கரையை ஒட்டிய வணிக நகரங்களில் வாழ்ந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் சையத் சயீத் தன் தலைநகரைச் சான்சிபாருக்கு மாற்றிய பிறகு, யானைத் தந்தத்துக்கும் அடிமைகளுக்கும் உள்நாடு நோக்கிச் சென்ற வணிகக் கூட்டங்களோடு மொழியும் சென்றது. பாகாமோயோவிலிருந்து தபோரா வழியாகத் தாங்கனிக்கா ஏரிக்கரையின் உஜிஜி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பாதையில் சுமை தூக்கியவர்களுள் பெரும்பகுதியினர் ந்யம்வேசி போன்ற உள்நாட்டு மக்கள். அவர்கள் வாயில்தான் சுவாஹிலி முதன்முதலில் கரையை விட்டு நகர்ந்தது. இந்தத் தொடக்கம் தூய்மையானதன்று. அடிமை வணிகத்தின் மொழியாகவும் அது இருந்தது என்பதை விழா மேடைகளில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு வந்த கிறித்தவப் போதகர்கள் அதை இலத்தீன் எழுத்துக்கு மாற்றினார்கள். 1844-இல் மொம்பாசாவுக்கு வந்த ஜெர்மானியரான கிராப்ஃப் இலக்கணமும் அகராதியும் செய்தார். அவர் கையாண்டது மொம்பாசா வழக்கு. ஆங்கிலேயரான எட்வர்ட் ஸ்டீர் 1870-இல் வெளியிட்ட கையேடு சான்சிபார் வழக்கைப் பின்பற்றியது. பிறகு இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதியை ஆண்ட ஜெர்மன் ஆட்சி தன் பகுதி முழுவதற்கும் கீழ்நிலை நிர்வாகத்தைச் சுவாஹிலியில் நடத்தியது; அதற்காகப் பள்ளிகளும் செய்தித்தாளும் ஏற்பட்டன. அந்த ஆட்சிக்கு எதிராக 1905-இல் வெடித்த எழுச்சியின் பெயரும் சுவாஹிலிதான்: ‘மாஜி மாஜி’, தண்ணீர் தண்ணீர். ஓதிய நீர் குண்டுகளைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பிப் பல இனத்தார் சேர்ந்து நின்ற போர் அது.

1930-இல் பிரிட்டிஷ் நிர்வாகம் கென்யா, உகாண்டா, தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி), சான்சிபார் ஆகிய நான்கு ஆட்சிப்பகுதிகளுக்கும் பொதுவான மொழிக்குழு ஒன்றை அமைத்துச் சான்சிபார் நகர வழக்கையே தரமொழியாக நிறுவியது. பாடநூல்களில் எது சரி, எது பிழை என்று தீர்ப்பளித்த அந்தக் குழுவில் தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆப்பிரிக்கர்கூட இல்லை. மொம்பாசாவிலும் லாமுவிலும் நூற்றாண்டுகளாகக் கவிதை வளர்த்த வழக்குகள் வட்டார வழக்குகளாக இறங்கின. அந்தக் கவிஞர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் தாய்மொழியிலேயே தேர்வெழுதி, வீட்டில் பேசியதை எழுதியதற்காக மதிப்பெண் இழக்கும் நிலை வந்தது. இது அநீதிதான். ஆயினும் எங்கோ ஓர் உள்நாட்டு ஊரில் இரண்டாம் மொழியாகக் கற்கும் குழந்தைக்கும் கரையோரக் குழந்தைக்கும் ஏறக்குறைய சமமான வாய்ப்பு கிடைத்தது இதனால்தான். மொழியின் சொந்தக்காரர்களுக்குத் தனி அதிகாரம் இல்லாமல் போனதே மற்றவர்கள் தயக்கமின்றி அதை எடுத்துக்கொள்ள வழி செய்தது என்பது என் எண்ணம். மலாய் மொழி இந்தோனேசியாவில் பெற்ற வாழ்வும் இவ்வகையானதே.

தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேவை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அவர் விக்டோரியா ஏரியின் கிழக்குப் புறத்தில் புத்தியாமா என்ற ஊரில், சனாக்கி என்னும் சிறு இனத்தில் பிறந்தவர். சுவாஹிலி அவருக்குக் கற்ற மொழி. அவர் தலைமையில் 1954 ஜூலை 7 அன்று தொடங்கிய தானு கட்சி, நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டில் அந்த ஒரே மொழியில் விடுதலை கேட்டது. யுனெஸ்கோ 2021-இல் சுவாஹிலி நாளுக்கு அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் இதுதான். பெரிய இனம் எதனுடைய மொழியாகவும் சுவாஹிலி இல்லாததால், அதை ஏற்பதில் எவருக்கும் தோற்ற உணர்வு இல்லை. ஆட்சிக்கு வந்தபின் நைரேரே தொடக்கக் கல்வியை முழுவதும் சுவாஹிலிக்கு மாற்றினார். 1967-இல் தேசிய சுவாஹிலி மன்றமான பகீத்தா நிறுவப்பட்டது. அவரே ஷேக்ஸ்பியரின் இரண்டு நாடகங்களை மொழிபெயர்த்தார். குடியரசுத் தலைவர் ஒருவர் வணிகனின் கதையை மொழிபெயர்க்கும்போது, ‘வெனிஸ் வணிகன்’ என்பதை ‘வெனிஸ் முதலாளிகள்’ என்று பொருள்படும் தலைப்பாக்கியதில் அவருடைய சோசலிசம் எட்டிப் பார்ப்பதை நான் ரசிக்கிறேன். அவர் அரசியலின் மையச் சொல்லான ‘உஜமா’வில் அரபு வேர் இருக்கிறது. நாம் ஜமாஅத் என்பதில் உள்ள அதே வேருக்குப் பாந்து முன்னொட்டு சேர்ந்து, குடும்பமாய் வாழும் பண்பு என்று பொருளாயிற்று.

தெற்கு நோக்கிப் பரவியதற்குக் காரணமும் நைரேரேயின் தார் எஸ் சலாம்தான். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு 1963 முதல் அந்நகரிலிருந்தே இயங்கியது. மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ இயக்கம் அங்கேதான் 1962-இல் பிறந்தது. தென்னாப்பிரிக்கப் போராளிகளும் தான்சானிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். அகதியாக வந்தவர்கள் சந்தையில் கற்ற மொழியைத் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அவர்களில் ஒருவரான மொசாம்பிக் குடியரசுத் தலைவர் ஜோக்கிம் சிசானோ, 2004-இல் ஆப்பிரிக்க ஒன்றிய மாநாட்டில் திடீரென்று சுவாஹிலியில் உரையாற்றினார். மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு இல்லாமல் அவை திகைத்தது. போர்த்துக்கீசியத்தில் கல்வி கற்ற ஒருவர், ஆங்கிலமும் பிரெஞ்சும் கோலோச்சிய அவையில், தம் தாய்மொழியல்லாத ஓர் ஆப்பிரிக்க மொழியில் பேசினார் என்பதில் சுவாஹிலியின் கதை ஏறக்குறைய முழுவதும் அடங்கியிருக்கிறது.

பரவல் எல்லா இடத்திலும் இப்படி இனிமையாக நடக்கவில்லை. உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-களின் இறுதியில் பிரிட்டிஷ் ஆளுநர் அதைப் பள்ளிகளில் புகுத்த முயன்றபோது உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா என்னும் அரசின் மன்னர் தாவுதி ச்வா எழுத்து மூலம் கடுமையாக எதிர்த்தார். புகாண்டாவின் மொழியான லுகாண்டா போன்ற செல்வாக்குள்ள மொழி இருக்கும் இடத்தில் பொதுமொழி என்பது இறக்கமாகவே தெரியும். அதன்பின் சுவாஹிலி அங்கே படைவீரர்களின், காவலர்களின் மொழியாகத் தங்கியது. 1973-இல் சர்வாதிகாரி இடி அமீன் அதைத் தேசிய மொழி என்று ஆணையிட்டார். சாலைத் தடுப்பில் துப்பாக்கியோடு நிற்பவன் அதட்டும் மொழி என்ற அச்சம் அக்காலத்து மக்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. 1979-இல் அமீனை விரட்டிய தான்சானியப் படையும் அதே மொழியைப் பேசிக்கொண்டு வந்தது என்பதும் வரலாறு. 2022-இல் உகாண்டா அமைச்சரவை அதை அலுவல்மொழியாகவும் பள்ளிகளில் கட்டாயப் பாடமாகவும் ஆக்க முடிவெடுத்தது. அந்த அச்சத்தின் வயது ஐம்பதைத் தொட்ட பிறகே இது கைகூடியது.

அறிவிப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். சுவாஹிலிக்கு அலுவல் நிலை தந்த கென்யாவின் 2010 அரசியலமைப்பு, ருவாண்டாவின் 2017 சட்டம், தெற்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தின் 2019 முடிவு, ஆப்பிரிக்க ஒன்றியம் 2022-இல் அளித்த வேலைமொழி நிலை, ஐநா பொதுச்சபையின் 2024 தீர்மானம் என்று பட்டியல் நீளும். இவை பொய்யல்ல, ஆனால் இவை எல்லாமே வளர்ச்சியின் பின்னால் வந்தவை, வளர்ச்சியைக் கொண்டுவந்தவை அல்ல. பேசுவோர் தொகையையும் சற்றுத் தளர்த்தியே பிடிக்க வேண்டும். யுனெஸ்கோ இருபது கோடிக்கு மேல் என்கிறது. தாய்மொழியாகக் கொண்டோர் சில பத்து லட்சம் முதல் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல் வரை என்று கணிப்புக்குக் கணிப்பு வேறுபடுகிறது. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த தாய்க்கும் தந்தைக்கும் நகரத்தில் பிறக்கும் குழந்தைகள் சுவாஹிலியையே முதல் மொழியாகக் கொண்டு வளர்வதால் அந்த எல்லைக்கோடு நாள்தோறும் நகர்கிறது.

அறிவிப்புகளைவிட வானொலியை நான் பெரிதாக மதிக்கிறேன். பிபிசி 1957-இல் சுவாஹிலி ஒலிபரப்பைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் பெய்ஜிங்கும் வாஷிங்டனும் ஜெர்மனியும் அதே மொழியில் பேசத் தொடங்கின. பனிப்போரில் இரு தரப்பும் ஒரே மொழியில் கேட்போரைத் தேடியதால், ஆப்பிரிக்க மொழி ஒன்று உலகச் செய்தியைச் சொல்லும் பழக்கத்தை மிக விரைவில் அடைந்தது. அந்தப் பழக்கம் இல்லாமல் எந்த மொழியும் பன்னாட்டு மொழி ஆவதில்லை.

அலங்காரம் எங்கே என்று கேட்டால், உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியைக் காட்டுவேன். தான்சானியாவில் அரசுப் பள்ளிக் குழந்தை ஏழாண்டு சுவாஹிலியில் படித்துவிட்டு, எட்டாம் ஆண்டில் திடீரென்று எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் படிக்கிறது. ஆசிரியர் சுவாஹிலியில் விளக்குகிறார், கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுகிறார், மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார். மேல்நிலைக் கல்வியையும் சுவாஹிலிக்கு மாற்ற வேண்டும் என்று 1982-இல் அரசுக் குழுவே பரிந்துரைத்தது, அது நடக்கவில்லை. அதைத் தடுத்தவர்களில் நைரேரேயும் ஒருவர் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஆங்கிலம் உலகத்தின் சுவாஹிலி, அதைக் கைவிடக் கூடாது என்றார் அவர். தம் மக்களுக்குப் பொதுமொழியின் பயனைக் காட்டியவர், அதே தருக்கத்தாலேயே தம் மொழியின் மேல்தளத்தை மூடினார். நீதிமன்ற மொழியைச் சுவாஹிலி ஆக்கும் சட்டத் திருத்தம் வருவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சான்சிபாரில் பிறந்த அப்துல்ரசாக் குர்னா ஆங்கிலத்தில் எழுதி 2021-இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பிறகுதான் அவருடைய நாவல் ஒன்று முதன்முதலாக அவருடைய தாய்மொழிக்கு வந்து சேர்ந்தது.

கீழ்த்தளத்திலும் ஒரு விலை உண்டு. சனாக்கி உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சிறுமொழிகளுக்குத் தான்சானியப் பள்ளிகளில் இடமில்லை. அவற்றை அழிக்கின்ற மொழி ஆங்கிலமன்று, சுவாஹிலியே. ஆப்பிரிக்காவின் குரல் என்று அதைப் போற்றும் கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த மொழிகளைப் பேசுவோர் பெரும்பாலும் இதைப் புகாராகச் சொல்வதில்லை என்பது என் கலக்கத்தைக் குறைக்கவில்லை.

உங்கள் மகளைப் பற்றி: சுவாஹிலியைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சு மொழியை எந்த ஊரில் இருந்தாலும் பணம் கட்டிப் பின்னர் கற்கலாம். சுவாஹிலியைத் தெருவே கற்றுத்தரும் வாய்ப்பு தார் எஸ் சலாமை விட்டுக் கிளம்பினால் திரும்பக் கிடைக்காது. தமிழ்க் குழந்தைக்கு ஒலிப்பு எளிது, எழுதியபடியே படிக்கலாம். வகுப்பு முன்னொட்டுகள் முதல் ஆறு மாதம் படுத்தும். பள்ளியில் சான்சிபார் வழக்கைக் கற்றுத் தருவார்கள், விளையாட்டுத் தோழிகள் அதைவிட வேகமான, சுருங்கிய ஒன்றைக் கற்றுத் தருவார்கள், கென்யக் குழந்தைகள் யாராவது இருந்தால் சுவாஹிலியும் ஆங்கிலமும் கலந்த நைரோபித் தெருமொழியான ஷெங்கும் கலந்து வீட்டுக்கு வரும். உங்கள் நைரோபி நண்பர் கேட்டுச் சிரித்தாலும், அவள் பேசுவதை நீங்கள் திருத்த வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்